வெனிஸுக்கு முன் பாகான் செராய்: பயணப் புகைப்பட வகுப்பு எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள பாகான் செராயில், கடைவரிசை ஒன்றின் மாடியில் இயங்கும் ஸ்டூடியோ, பயணப் புகைப்பட வகுப்பை இரண்டு பகுதியாக நடத்துகிறது. முதல் பகுதி ஊரிலேயே ஆறு ஞாயிற்றுக்கிழமை, 600 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). இரண்டாம் பகுதி வெனிஸில் ஐந்து இரவு, விமான டிக்கெட் நீங்கலாக 5,800 வெள்ளி. ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. முதல் பகுதியை மட்டும் தனியாகவும் எடுக்கலாம். கல்யாணமும் காதுகுத்தும் எடுக்கிற கடைக்கு வெனிஸ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஊர்ப் பகுதியில் இரண்டு வகுப்பைப் பார்த்தால் அந்தக் கேள்வி வராது. வாங்கும் காசுக்கு மேலேயே சொல்லித் தருகிறார்கள். வெனிஸ் பகுதி அப்படியில்லை. அது எந்த மாதம் போகிறீர்கள், எங்கே தங்க வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வெனிஸ் என்ற கால்வாய் நகரத்துக்கான பயிற்சியை இந்த ஊரில் வைத்ததில் காரணம் இருக்கிறது. இந்த ஊர் இருக்கும் கிரியான் வட்டாரத்துக்கு நீர்ப்பாசனத் திட்டம் வந்தது 1906இல். புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து வரும் தண்ணீர் தாலி ஆயர் எனப்படும் பாசன வாய்க்கால்களில் பிரிந்து வயல்களுக்குப் போகிறது. ஒரு பக்கம் நெல், இன்னொரு பக்கம் செம்பனைத் தோட்டம், நடுவில் நேர்க்கோடாக வாய்க்கால். அரண்மனையும் இல்லை, மணிக்கூண்டும் இல்லை. ஆனாலும் தண்ணீரைப் படம் எடுப்பதில் உள்ள சிக்கல் எல்லாம் இங்கேயே இருக்கிறது: பளீரென்ற வானம், இருட்டான கரை, தண்ணீரில் தலைகீழாக ஒரு படம், குறுக்கே தாழ்வான பாலம். வெனிஸில் இறங்கிய முதல் நாள் எல்லாரும் அழகில் மயங்கி, கேமராவில் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் சுற்றுவார்கள். மயங்க ஒன்றுமில்லாத தாலி ஆயர் கரையில் அந்தக் குழப்பத்தை முன்னாலேயே தீர்த்துவிடுவதுதான் இந்தப் பாடத்திட்டத்தின் கெட்டிக்காரத்தனம்.

இரண்டாம் வாரம் மதகுப் பக்கம் நடக்கும் பாடம் ஒன்றே போதும், இவர்கள் எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்று காட்ட. எல்லாரிடமும் ஒரு போலரைசர் ஃபில்டர் கொடுத்து, தண்ணீரில் விழும் தென்னை மரத்தைப் பார்க்கச் சொல்கிறார் ஆசிரியர். "தம்பி, ஃபில்டர மெல்லத் திருப்பு. மரம் எங்க மறையுதுன்னு பாரு. மறைஞ்சதா? இப்ப என்ன தெரியுது?" கேட்டால் பையன், "கீழ கெடக்கிற பிளாஸ்டிக் பை தெரியுதுண்ணே" என்கிறான். "அதான். வெனிஸ்ல இத மாட்டிக்கிட்டு அலைஞ்சா அரண்மன போயிரும், பிளாஸ்டிக் பைதான் மிச்சம்."

கடையில் ஃபில்டர் விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். நீர்ப்பரப்பிலிருந்து தெறிக்கும் வெளிச்சத்தைத்தான் போலரைசர் வெட்டுகிறது. பார்வை நீர்மட்டத்தோடு சுமார் 37 டிகிரி சாய்வில் இருக்கும்போது அது முழுவேகத்தில் வேலை செய்யும். சின்னப் பாலத்தின் மேல் நின்று கால்வாயைக் குனிந்து பார்க்கும் கோணம் கிட்டத்தட்ட அதுவே. நாம் எடுக்க வந்த பிரதிபலிப்பை நாமே துடைத்துவிடுகிறோம். அதோடு ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சமும் போகிறது (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). இடுங்கிய சந்தில் அந்த இழப்பு தாங்காது. 24 மில்லிமீட்டருக்கும் அகலமான லென்ஸில் மாட்டினால் நீல வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலத் திட்டு விழும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சீராக்குவது பாடு. போலரைசர் தேவைப்படும் இடம் ஈரமான கல்தரையும் மழைக்குப் பிந்திய ஓட்டுக் கூரையும். மற்ற நேரம் பையில் கிடக்கட்டும் என்று அவர் சொல்வது சரியான புத்தி.

அதே மதகில் ஃபோகஸ் பாடமும் நடக்கிறது. தண்ணீரில் தெரியும் மரத்துக்குத் தூரம் எவ்வளவு? கேமராவிலிருந்து தண்ணீர் வரை உள்ள தூரத்தோடு தண்ணீரிலிருந்து மரம் வரை உள்ள தூரத்தையும் கூட்ட வேண்டும். நீர்ப்பரப்பில் மிதக்கும் இலைக்கு ஃபோகஸ் வைத்து லென்ஸ் துளையை எஃப் 2.8 என்று அகலத் திறந்து எடுத்தால் பிரதிபலிப்பு மங்கும், பிரதிபலிப்புக்கு வைத்தால் இலை மங்கும். இரண்டும் வேண்டுமென்றால் எஃப் 11 வரை துளையைச் சுருக்க வேண்டும், ஒன்று போதுமென்றால் எது என்று முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும். யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் விஷயம் இது.

மூன்றாம் வாரம் வெளிச்சம். இங்கே சூரியன் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிக்கிறது, காலை 7 மணியை ஒட்டி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்கும். மறைந்த பிறகு நல்ல நீல வெளிச்சம் 20 நிமிடத்துக்குச் சற்று மேல்தான். வெனிஸ் 45 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே சூரியன் சரிந்து இறங்குவதால் அந்த வெளிச்சம் அரை மணி நேரத்தைத் தாண்டும். ஜூனில் விடிவது 5 மணி 20 நிமிட வாக்கில், மறைவது இரவு 9 மணிக்கு. நவம்பர் கடைசியில் விடிவது 7 மணி 20 நிமிடத்துக்கு மேல், மறைவது மாலை 4 மணி 30 நிமிட வாக்கில். அதைவிட முக்கியம், நவம்பர் கடைசியில் உச்சி வேளையில்கூடச் சூரியன் 25 டிகிரிக்கு மேல் எழும்புவதில்லை. நம் ஊரில் காலை 9 மணிக்கு முன்பு கிடைக்கும் சாய்ந்த வெளிச்சம் அங்கே பகல் முழுக்க நிற்கும். காலையும் மாலையும் மட்டும் படம் எடு, நடுப்பகலில் தூங்கு என்று மலேசியாவில் பழகிய பாடத்தை நவம்பர் வெனிஸுக்குக் கொண்டுபோகக் கூடாது. இதை அட்டவணையாகவே அச்சடித்துக் கொடுக்கிறார்கள். காசுக்கு உரிய காகிதம்.

நடுப்பகலைப் பற்றி இன்னொன்றும் சொல்லித் தருகிறார்கள். கடைவரிசையின் காக்கி லீமா எனப்படும் முன்நடையிலும் பின்னால் ஓடும் பாரிட் எனப்படும் வடிகாலிலும் அதற்குப் பயிற்சி. காலை 10, 11 மணிக்கு எதிர்ச் சுவரின் மேல் பாதியில் வெயில் அடிக்கும், கீழே சந்து நிழலில் இருக்கும். வெயில் பட்ட சுவரின் நிறம் மட்டும் இருண்ட தண்ணீரில் வந்து விழும். வெனிஸின் குறுகிய கால்வாய்களில் பொன்னும் சிவப்புமாய் உருகி ஓடுகிற அந்தப் படங்கள் விடியற்காலையில் எடுத்தவை அல்ல, இந்த நேரத்தில் எடுத்தவை. செய்ய வேண்டியது: வெயில் பட்ட சுவருக்கு வெளிச்ச அளவு வைக்க வேண்டும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் மைனஸ் 1, அதாவது ஒரு ஸ்டாப் இருட்டாக. கேமராவை அதன் போக்குக்கு விட்டால் நிழலைப் பார்த்து ஏமாந்து சுவரை வெள்ளையாக்கிவிடும். அப்படி வெளுத்துப் போனது ரா ஃபைல் எனப்படும் மூலக் கோப்பிலும் திரும்பாது. நிழல் கறுத்தால் பரவாயில்லை, ஓரளவு தூக்கிக்கொள்ளலாம்.

ஷட்டர் வேகத்துக்கான வகுப்புக்குக் குவாலா குராவ் மீன்பிடிப் படகுத்துறைக்குப் போகிறார்கள். இந்த ஒரு நாள்தான் முழு வகுப்பிலும் உச்சம். கட்டிவைத்த படகு சும்மா நிற்பதுபோல் இருக்கும், ஆனால் நிற்காது. மாலை மங்கிய பிறகு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப் 8 என்று வைத்தால் சுமார் 2 விநாடி வரும். அந்த 2 விநாடியில் படகு ஆடி, படம் கெட்டுப்போனதுபோல் தெரியும். வழி இரண்டுதான். ஒன்று, வெளிச்சத்தைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் மாட்டி 16 விநாடிக்குப் போவது. படகு பட்டுத்துணி மாதிரி குழைந்து, கம்பங்கள் மட்டும் கூர்மையாக நிற்கும். பார்ப்பவருக்கு வேண்டுமென்றே செய்தது என்று புரியும். இன்னொன்று, ஐஎஸ்ஓவை 3200க்கும் எஃப்பை 2.8க்கும் கொண்டுபோய் 1/125இல் படகை உறைய வைப்பது. கணக்கு நேராக வரும்: ஐஎஸ்ஓவில் ஐந்து ஸ்டாப், எஃப்பில் மூன்று, ஆக எட்டு. 2 விநாடியை எட்டு முறை பாதியாக்கினால் 1/125. இதைப் பலகையில் எழுதிப் போடாமல் படகுத்துறையிலேயே வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் போட வைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில், 1/15 முதல் 2 விநாடி வரை, எதற்கும் ஆகாத இடம். வெனிஸில் சான் மார்க்கோ சதுக்கக் கரையில் கட்டிய கொண்டோலா என்ற துடுப்புப் படகுகளை எடுத்த பயணப் படங்களில் பல அந்தக் குழியில்தான் விழுந்து கிடக்கின்றன.

ட்ரைபாட் எங்கே வைப்பது என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். மரத்துறையில் வைத்தால் யாராவது நடக்கும்போதெல்லாம் ஆடும். வெனிஸில் வப்பரெட்டோ என்ற பொதுப் படகின் நிறுத்தங்கள் மிதக்கும் மேடைகள், அங்கே ட்ரைபாட் வைப்பது வீண். கல்தரையில் வையுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், பையை அடியில் தொங்கவிடுங்கள். பாலத்தின் மேல் விரித்து வைத்தால் வழி மறிக்கும், திட்டு வாங்குவீர்கள், வாங்கினாலும் நியாயம்தான்.

மோட்டார் சைக்கிளை வைத்துப் பேனிங், அதாவது ஓடும் பொருளோடு கேமராவையும் திருப்பி எடுப்பது, பழக்குவது நான்காம் வாரம். 1/30இல் தொடங்கி 1/15க்கு இறங்குகிறார்கள். கொண்டோலா மோட்டார் சைக்கிளைவிட மெதுவாகப் போகும், அதனால் அங்கே இன்னும் மெதுவான ஷட்டர் வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சின்னக் குறை.

ஐந்தாம் வாரம் ஆட்களைப் படம் எடுப்பது, ஒரு தோட்டத்து லயத்துப் பக்கம். இதில் உத்தியைவிட நடத்தைக்குத்தான் முதலிடம். கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கிட்டப் போய், "பாட்டி, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் கையைத் தூக்க வேண்டும். எடுத்ததைக் காட்ட வேண்டும். பாட்டி "பல்லு தெரியுதே, இது வேணாம்யா" என்றால் அவர் கண் முன்னாலேயே அழிக்க வேண்டும். வெனிஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள புரானோவுக்கு இது அப்படியே பொருந்தும். அந்த வண்ண வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வாசல்படியில் ஏறி நின்று போஸ் கொடுப்பதும், கொடியில் காயும் துணியை நகர்த்துவதும், திறந்த ஜன்னலுக்குள் லென்ஸை நீட்டுவதும் நம் தோட்டத்தில் செய்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அங்கேயும்.

ஆறாம் வாரம் கணினியில் படம் திருத்துவது, ஊர்ப் பகுதியில் சப்பென்று போகிற வகுப்பு இதுதான். ஒரே பிற்பகலில் லைட்ரூம் மென்பொருள் முழுவதையும் ஓட்டிவிடுகிறார்கள். நிழலை வெளிச்சமாக்கும் ஷேடோ ஸ்லைடரை நூறு வரை தள்ளும் பழக்கத்தை யாரும் தடுப்பதில்லை. வெனிஸ் சந்துகளின் கனமே நிழலில்தான் இருக்கிறது, அதைத் தூக்கினால் படம் சாயம் போன துணியாகிவிடும். மூடுபனிப் படத்தில் மங்கலை நீக்கும் டீஹேஸைத் தொடவே கூடாது என்றும் சொல்லியிருக்கலாம். பனியை எடுக்கப் போய்ப் பனியைத் துடைத்துவிட்டால் எதற்குப் போனோம்? கட்டடங்களை நிமிர்த்தும் பாடம் மட்டும் நன்றாக இருக்கிறது. தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தின் படத்தைக் கொடுத்து நிமிர்த்தச் சொல்கிறார்கள். ஆட்டோ பொத்தானை அழுத்தியவரின் படத்தில் 1885இல் கட்டிய கோபுரம் நிமிர்ந்து நிற்க, சுற்றியுள்ள கடைகள் சாய்கின்றன. வெனிஸில் சான்தோ ஸ்தேஃபானோ, சான் ஜோர்ஜோ தேய் க்ரேச்சி, புரானோவின் சான் மார்த்தீனோ ஆகிய தேவாலய மணிக்கூண்டுகள் உண்மையிலேயே சாய்ந்தவை. நிமிர்த்துவதற்கு முன் பக்கத்து வீட்டு ஜன்னல் சட்டத்தைப் பார்த்துவிட்டுக் கை வைக்க வேண்டும்.

இனி வெனிஸ் பகுதி. வருடத்துக்கு இரண்டு பயணம், ஜூனில் ஒன்று, நவம்பர் கடைசியில் ஒன்று. இரண்டிலும் தங்குமிடம் மெஸ்த்ரேயில், அதாவது வெனிஸ் தீவுக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம், நிலப்பகுதியில். ரயிலில் வெனிஸின் சாந்தா லுச்சியா நிலையத்துக்குச் சுமார் பத்து நிமிடம். அறை மலிவு, படிக்கட்டுப் பாலங்களில் பெட்டி தூக்க வேண்டாம். பகல் நேர வருகையாளர்களுக்கு 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள்தான் இருப்பதால் அங்கே இரவு தங்குபவர்கள் அதைக் கட்ட வேண்டியதில்லை, இணையத்தில் விலக்குப் பதிவு செய்தால் போதும்.

இந்தச் சிக்கனம் நவம்பரில் நல்லது, ஜூனில் பெரிய நஷ்டம். நவம்பர் கடைசியில் விடிய 7 மணிக்கு மேல் ஆவதால் மெஸ்த்ரேயில் 5 மணி 30 நிமிடத்துக்கு எழுந்தாலும் நீல வெளிச்சத்துக்குச் சான் மார்க்கோவில் இருக்கலாம். ஜூனில் அதே வெளிச்சம் 5 மணிக்கு முன்பே வந்துவிடும். எட்டுப் பேரைத் தட்டி எழுப்பி, வண்டி பிடித்து, நிலையத்திலிருந்து சான் மார்க்கோ வரை அரை மணிக்கு மேல் நடந்து போவதற்குள் வெளிச்சம் தட்டையாகிவிடும். கூட்டமில்லாத வெனிஸ் என்பது ஜூனில் அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான். ஐந்து இரவில் ஐந்து விடியல், அதில் நான்கைக் கோட்டைவிட்டால் 5,800 வெள்ளி எதற்கு? ஜூன் குழுவுக்குத் தீவுக்குள்ளேயே, கன்னரேஜோ அல்லது தோர்சோதூரோ பக்கம் அறை போட வேண்டும். செலவு கூடும். அதைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாமே.

நவம்பருக்கு இன்னொரு லாபம் இருக்கிறது. அக்குவா ஆல்தா எனப்படும் கடல் ஏற்றம் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வருவது. 2019 நவம்பர் 12இல் 185 சென்டிமீட்டருக்கு மேல் ஏறி ஊரின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. 2020 அக்டோபரிலிருந்து மோசே எனப்படும் கடல் தடுப்புகள் வேலை செய்கின்றன, 110 சென்டிமீட்டர் வரும் என்று கணித்தால் உயர்த்துகிறார்கள். அதனால் பெரிய வெள்ளம் இப்போது உள்ளே வருவதில்லை. ஆனால் சான் மார்க்கோ சதுக்கம் ஊரிலேயே தாழ்வான பகுதிகளில் ஒன்று. 110ஐத் தொடாத ஏற்றத்திலும் அதன் ஒரு பகுதி நனைந்து கண்ணாடியாகும். புகைப்படக்காரனுக்கு அது வரம். நகராட்சியின் கடலேற்றக் கணிப்பு சில நாள் முன்னாலேயே வெளியாகிறது. வகுப்பினர் அதைத் தினமும் பார்த்து அன்றைய திட்டத்தை மாற்றுவது பாராட்ட வேண்டிய விஷயம். காலுக்கு என்ன போடுவது என்று கவலை வேண்டாம். செம்பனை வெட்டப் போகிறவர்கள் போடும் ரப்பர் பூட்ஸ் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது, அங்கே போய் யூரோவில் வாங்குவானேன்.

ஏற்றம் இறங்கிய பிறகு தெரியும் படிகள்தான் ஆபத்து. கால்வாயில் இறங்கும் கற்படிகளில் பச்சை கறுத்த கோடு ஒன்று இருக்கும், கடல் தினமும் தொட்டுவிட்டுப் போகும் உயரம் அது. கோட்டுக்குக் கீழே பாசி. தாழ்வான கோணம் வேண்டுமென்று அதில் கால் வைத்தால் ஆளும் கேமராவும் சேர்ந்து உள்ளே போகும். கோட்டுக்கு மேலே நின்று, திரையை மடக்கிக் கேமராவை மட்டும் கீழே இறக்குவதே வழி. இதைத் தாலி ஆயரில் பழக முடியாது. முதல் நாளே நேரில் காட்டுகிறார்கள்.

இடத் தேர்வு பெரும்பாலும் சரி. அக்கதேமியா பாலத்திலிருந்து சலூத்தே தேவாலயத்தை எடுப்பது கிழக்கு நோக்கிய படம். மாலையில் அதன் குவிமாடத்தில் வெளிச்சம் நேராக விழும், காலையில் பின்னாலிருந்து வரும். குழுவை மாலையிலும் மறுநாள் காலையிலும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போய் இரண்டையும் எடுக்க வைக்கிறார்கள். ரியால்தோ பாலம் 1591இல் முடிந்த கற்பாலம். அதன் மேல் நின்று எல்லாரும் எடுக்கும் படத்தைவிட, கரையிலிருந்து பாலத்தின் வளைவுக்குள் படகு நுழையும் நொடிக்குக் காத்திருக்கச் சொல்வது நல்ல பாடம். சான் மார்க்கோவுக்கு எதிர்த்தீவிலுள்ள சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே மணிக்கூண்டுக்கு மின்தூக்கி உண்டு, அங்கிருந்து சான் மார்க்கோவே படத்துக்குள் வரும். சான் மார்க்கோ மணிக்கூண்டில் ஏறினால் அந்தக் கோபுரம் படத்தில் இருக்காது. 1902இல் இடிந்து 1912இல் திரும்பக் கட்டிய, 98 மீட்டருக்கு மேல் உயரமான கோபுரத்தைப் படத்திலிருந்து விட்டுவிட்டு வெனிஸ் என்று யாரிடம் காட்டுவது?

தேவையில்லாத செலவு கொண்டோலா சவாரி. நகராட்சி நிர்ணயித்த விலை பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, ஒரு படகுக்கு. ஐந்து பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், எட்டுப் பேருக்கு இரண்டு படகு, 180 யூரோ. உட்கார்ந்த இடத்திலிருந்து முன்னால் இருப்பவரின் தலையும் படகின் மூக்கும்தான் தெரியும். எழுந்து நின்றால் படகோட்டி அதட்டுவார். கிராண்ட் கால்வாயைக் குறுக்கே கடக்கும் த்ரகெத்தோவும் கொண்டோலா வகைப் படகுதான், வெளியூர்க்காரருக்கு 2 யூரோ. அந்த உயரத்துக் கோணம் வேண்டுமென்றால் அதில் நான்கு முறை போய் வரலாம். மிச்சக் காசை வப்பரெட்டோ பாஸில் போடலாம். 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, மூன்று நாள் பாஸ் 45 யூரோ, ஐந்தாவது பயணத்திலேயே பாஸ் லாபத்துக்கு வந்துவிடும். 1ஆம் எண் படகு கிராண்ட் கால்வாய் முழுக்க நின்று நின்று போகும், மெதுவாகப் போவதே நமக்கு வசதி. படகின் எஞ்சின் அதிர்வு கையில் ஏறும், ஆகவே 1/500க்குக் கீழே போகாதீர்கள், ஸ்டெபிலைசரை நம்பி 1/60இல் எடுத்தால் கரை கூர்மையாக வராது.

கொண்டோலாவைக் கரையிலிருந்து எடுப்பதில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சுமார் 11 மீட்டர் நீளமுள்ள அந்தப் படகின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம். ஒற்றைத் துடுப்பை ஒரே பக்கம் போட்டாலும் நேராகப் போவதற்காக அப்படிக் கட்டுகிறார்கள். படகோட்டி ஏறாத வெறும் படகு வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். நேருக்கு நேர் எடுத்த படம் கோணலாகத் தெரிந்தால் கேமராவையோ லென்ஸையோ குறை சொல்லி நிமிர்த்தப் போகாதீர்கள். சான் த்ரோவாசோ படகுப் பட்டறையை எதிர்க்கரையில் நின்று பார்த்தால் கவிழ்த்துப் போட்ட அடிப்பாகத்தில் இந்தக் கோணல் தெளிவாகத் தெரியும். அந்த இடம் நிகழ்ச்சி நிரலில் இல்லை, இலவசமாகவே பார்க்கக்கூடியது.

புரானோவுக்கு ஃபோந்தமேந்தே நோவேயிலிருந்து 12ஆம் எண் படகு, முக்கால் மணி நேரம். அரை நாள் ஒதுக்குகிறார்கள், போதும். மேகமூட்டமான நாளில் போவதே நல்லது, வெயிலில் எதிரெதிர் வீடுகளின் நிறம் ஒன்றையொன்று கெடுக்கும்.

சாமான் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். 70-200 லென்ஸ், பெரிய ட்ரைபாட், நான்கு ஃபில்டர் என்று எழுதியிருக்கிறார்கள். நாளைக்கு நாற்பது பாலம் ஏறி இறங்க இவ்வளவு எடை ஆகாது. 24-70 அல்லது அதற்கு ஈடான ஒரே லென்ஸ், சின்ன ட்ரைபாட், மூன்று ஸ்டாப் என்டி, ஒரு போலரைசர் போதும். பாட்டரி மட்டும் கூடுதலாக: குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும், மூன்று வைத்து இரண்டைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியோடு வருபவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் அகல லென்ஸை விட்டு இரண்டு மடங்கு ஜூமில் எடுக்கப் பழகினால் கட்டடங்கள் பின்னோக்கிச் சாய்வது குறையும்.

லென்ஸில் ஈரம் படிவதைச் சமாளிக்க ஊரிலேயே பயிற்சி கிடைக்கிறது. ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் வியர்ப்பது நமக்குப் புதிதல்ல. வெனிஸில் தலைகீழ்: வெளியே குளிர், உள்ளே சூடான காப்பிக்கடை. உள்ளே போகுமுன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, அரை மணி கழித்துத் திறக்க வேண்டும். உப்புக்காற்று பட்ட கேமராவை அன்றிரவே லேசாக ஈரமாக்கிய துணியால் துடைத்துவிட வேண்டும். ஊர் திரும்பியதும் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் உலர்பெட்டிக்குள் போடாவிட்டால் நம் சீதோஷ்ணத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படியும். உலர்பெட்டி இல்லாதவர்களுக்கு ஸ்டூடியோ தன் பெட்டியில் ஒரு மாதம் இலவசமாக இடம் தருகிறது, கேட்டால்தான் தருவார்கள்.

குழு சிறியதாக இருப்பது வெனிஸில் சட்டத்துக்கும் ஒத்துவருகிறது. 2024 முதல் 25 பேருக்கு மேல் கூட்டமாக நடத்திச் செல்லவும் ஒலிபெருக்கி பயன்படுத்தவும் தடை. இங்கே எட்டுப் பேர், காதோடு காதாகப் பேசியே சொல்லித் தருகிறார்கள். ஒவ்வொரு இரவும் ஒருவருக்கு ஐந்து படம் எடுத்துப் பார்த்து விமர்சிக்கிறார்கள், முகத்துக்காகப் பாராட்டுவது கிடையாது.

முன்பணம் 1,000 வெள்ளி, பயணத்துக்கு 60 நாளுக்குள் விலகினால் திரும்பாது. நவம்பர் குழுவில் இடம் கேளுங்கள். ஜூன் மட்டும்தான் முடியும் என்றால் பணம் கட்டுமுன் தீவுக்குள் அறை போட முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடியாது என்றால் 600 வெள்ளிப் பகுதியோடு நிறுத்திக்கொண்டு, அட்டவணைக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகப் போய் வாருங்கள்.